நீரேற்று நிலையத்துக்குள் நுழைந்தது யார்

மார்ச் 3, திங்கள்

ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதுவரை பார்க்கிற கூத்தையெல்லாம் எழுதி வைப்பது என்று இன்று முடிவு செய்தேன். எழுத வைத்த புண்ணியவான் சென்னையிலிருந்து வந்த விஷ்வேஷ் என்கிற நிபுணர். வயது முப்பது இருக்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, காலில் வெள்ளை ஷூ. நகராட்சிக் கூட்ட அரங்கில் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் படம் காட்டினார். எங்கோ ஒரு நாட்டில் மின்சாரத்தைத் துண்டித்தார்களாம், எங்கோ ஒரு ஆஸ்பத்திரியை முடக்கினார்களாம். இனிமேல் போர் எல்லாம் கம்ப்யூட்டரில்தானாம். சுகாதார ஆய்வாளர் முதல் படத்திலேயே தூங்கிவிட்டார்.

கடைசியில் நிபுணர் என்னைப் பார்த்து, "சார், கொற்றநல்லூருக்கே தண்ணி உங்க நிலையத்திலிருந்துதான் போகுது. வெளியிலிருந்து யாராவது உள்ளே வர முடியுமா?" என்றார்.

"பத்தடி சுவர் தம்பி. மேலே கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கு" என்றேன்.

அரங்கமே சிரித்தது. புதிதாக வந்திருக்கிற ஆணையாளர் தாரணி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முப்பத்திரண்டு வயது. சிரிப்பதற்கும் மேலிடத்து உத்தரவு வர வேண்டும் போல.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் கோயில் ஆராதனை. பிரசங்கம் நீளம். வீட்டுக்கு வந்தால் மனைவி ரூத் நெய்மீன் குழம்பு கொதிக்க விட்டிருந்தாள். அது இறங்குவதற்குள் லேப்டாப்பைத் திறந்து நிலையத்தைப் பார்த்தேன். மூன்று மோட்டார்களும் ஓடின, அழுத்தம் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. பத்து கிலோமீட்டர் பைக்கில் போய்ப் பார்ப்பதைத்தான் நான் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன். பதிவேட்டில் நாளை 'நேரில் ஆய்வு' என்று எழுதிக்கொள்ளலாம்.

போன வருடம் நானே இணையத்திலிருந்து இறக்கி வைத்த மென்பொருள் இது. காசு கிடையாது. நிலையத்துக் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே ஓட்டலாம். யாராவது வெளியிலிருந்து உள்ளே வந்தால் அங்கே திரையின் மூலையில் ஒரு புள்ளி பச்சையாகும், போனதும் சாம்பல் ஆகிவிடும். அவ்வளவுதான் அதன் ரகசியம். வைக்கும்போது பக்கத்தில் நின்ற சண்முகக்கனி, "இதுக்கு சென்னையில அனுமதி கேக்கணும்லா சார்?" என்றாள். ஒப்பந்த ஊழியர், டிப்ளமோ படித்தவள், கட்டுப்பாட்டு அறையில் பகல் பணி. "ஆறு எந்தத் திசையில ஓடுதுன்னு சென்னைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். பதிவேட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

கடவுச்சொல் அபிஷாவின் பெயரும் அவள் பிறந்த வருடமும். எனக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். மகள் பெயரை எந்தத் தகப்பன் மறப்பான்?

மார்ச் 11, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்தே முக்காலுக்கு நகராட்சி அலுவலகத்தில் ஆணையாளர் கூட்டத்தில் இருந்தேன். கனி போன் பண்ணினாள்.

"சார், மவுஸ் அதுபாட்டுக்கு ஓடுது."

"மேஜையைத் துடைச்சியா?"

"நான் தொடவே இல்ல சார். மூணு மோட்டாரையும் நிறுத்துது. இப்ப மறுபடி ஓட விடுது. சார், யாரோ பண்ணுதாங்க சார்!"

பின்னால் மோட்டார்கள் அடங்குகிற சத்தமும் உறுமுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. மூன்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, உடனே ஓட விட்டு, மறுபடி நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பதினாறு கிலோமீட்டர் குழாயில் ஓடுகிற தண்ணீர் நடுவழியில் முட்டி, சம்மட்டி அடித்த மாதிரி திரும்பி வரும்.

"கம்ப்யூட்டரை விடு! பேனலுக்கு ஓடு! சாவியைக் கை இயக்கத்துக்குத் திருப்பு!" என்று கத்தினேன். கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"திருப்பிட்டேன் சார், அப்பவே" என்றாள். நான் சொல்வதற்கு முன்பே திருப்பியிருக்கிறாள்.

ஆனால் அதற்குள் நான்கு தடவை நடந்துவிட்டது. ஒன்பதாவது கிலோமீட்டரில், வாரச்சந்தைக்குப் பக்கத்தில் பழைய வார்ப்பிரும்புக் குழாய் வெடித்தது. தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பி ஒரு டீக்கடையின் தகரக் கூரையைத் தூக்கி எறிந்திருக்கிறது. அங்கே வால்வு பார்க்கப் போயிருந்த சந்தியாகு மேல் கூரை விழுந்து தோள் எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. இருபது வருடமாக என்னோடு வேலை பார்க்கிற மனிதர். செவ்வாய்க்கிழமையாக இருந்ததால் சந்தை இல்லை. நேற்று என்றால் அந்த இடத்தில் முந்நூறு பேர் நின்றிருப்பார்கள்.

ஊரில் எண்பதாயிரம் பேருக்குத் தண்ணீர் இல்லை.

மார்ச் 12, புதன்

வெறிபிடித்த கும்பல் ஒன்று இணையத்தில் மார்தட்டிக்கொண்டு வீடியோ போட்டிருக்கிறது. 'எதிரி நாட்டின் மாபெரும் அணையைத் தகர்த்தோம்' என்று தலைப்பு. அணையாம்! ஊர் பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருக்கிறார்கள். முகமூடி போட்ட படம், பின்னால் டமடமவென்று இசை. எந்த ஊரைத் தாக்கினோம் என்றே தெரியாத இந்த வீரர்கள் உடைத்தது ஒரு டீக்கடையையும் சந்தியாகுவின் தோளையும்.

தொலைக்காட்சிக்காரர்கள் அதற்கும் மேல். வாசலில் நின்றுகொண்டு, "அணை எங்கே சார்?" என்று என்னிடமே கேட்டான் ஒருவன்.

மார்ச் 13, வியாழன்

வெள்ளை ஷூ மறுபடி வந்திருக்கிறது. இந்தத் தடவை கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார முடியவில்லை. நேற்றே இன்ஸ்பெக்டர் வந்து அதற்குத் துணி சுற்றி, அரக்கு வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார். அறிக்கை வர மூன்று வாரமாம். நல்லவேளை, அரக்கு வைத்தால் வைரஸ் வெளியே வராது என்று அவர் நம்புகிறார்.

"என்கிட்ட கொடுத்திருந்தா அரை நாள்ல சொல்லியிருப்பேன்" என்று விஷ்வேஷ் புலம்பினார். மோட்டார்களை இயக்கும் பெட்டியில் பதிவாகியிருந்ததை மட்டும் படித்தார். எல்லா ஆணைகளும் உதவிப் பொறியாளர் கணக்கிலிருந்து போயிருக்கின்றன. அதாவது என் கணக்கு.

ஆணையாளர் என்னைப் பார்த்தார். "அந்த நேரத்துல நீங்க எனக்கு எதிர்லதான் உக்காந்திருந்தீங்க."

"ஆமாம் மேடம்."

"உங்க கடவுச்சொல் வேற யாருக்குத் தெரியும்?"

"கனிக்குத் தெரியும். தினசரி அறிக்கை அவதான் ஏத்துவா."

அது உண்மைதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். கேட்காததற்குப் பதில் சொல்ல நான் என்ன நிபுணரா?

மாலைக்குள் கனியிடம் இனி வர வேண்டாம் என்று ஒப்பந்ததாரர் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் அவள் போனையும் வாங்கிக்கொண்டார். அவள் கணவன் துபாயில் இருப்பதைப் பெரிய துப்புப் போலச் சொன்னார். அங்கே அவன் ஏசி மெக்கானிக்.

மார்ச் 14, வெள்ளி

வீட்டு லேப்டாப் மெதுவாக ஓடுகிறது. தேவையில்லாததையெல்லாம் அழித்தேன்.

மார்ச் 15, சனி

அரசு ஆஸ்பத்திரியில் சந்தியாகுவைப் பார்த்தேன். சாத்துக்குடி கொண்டு போயிருந்தேன். வலது கையை அசைக்க முடியாததால் அவர் மனைவி உரித்து ஊட்டினாள். ஆஸ்பத்திரியிலும் தண்ணீர் இல்லை. லாரி வந்தால்தான் அறுவை சிகிச்சை. இவர் முறை இரண்டு நாள் தள்ளிப் போயிருக்கிறது.

"யாரோ வெளிநாட்டுக்காரன்னு சொல்லுதாங்க. பொறவு நம்ம கனிப் புள்ளைங்காங்க. எது சார் நெசம்?"

"போலீஸ் பார்த்துக்கிட்டிருக்கு" என்றேன்.

"அந்தப் புள்ள அப்படிச் செய்யாது சார். சாவியைத் திருப்பலைன்னா இன்னும் நாலு எடத்துல வெடிச்சிருக்கும்னு ஃபிட்டர் சொன்னான். நீங்க ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

வார்டில் ஒரே நாற்றம். சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. குளிக்கத் தண்ணீர் இல்லை என்று ரூத்திடம் சொன்னேன். அவள் அரை வாளியில் குளித்துவிட்டுப் போனாள்.

பதினொரு மணிக்குக் கனி வந்தாள். ஐந்து வயது மகளைக் கையில் பிடித்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்து பாப்பீங்கல்லா. அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது எனக்குத் தெரியாது. அந்த வழியா வந்திருக்கலாம்லா? சென்னை சார் கேட்டாரு, வெளிய இருந்து உள்ள வார வழி எதாவது இருக்கான்னு. நான் பேசாம இருந்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"ஏன், நீயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, தப்பிக்கிறதுக்கு ஆபீசர் தலையில போடுதான்னு சொல்லுவாங்க சார். நீங்க சொன்னாத்தான் அது சாட்சி. நான் சொன்னா அது சாக்கு."

நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று எழுத வேண்டாம். ஒப்பந்த ஊழியர்களுக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான் என்கிற பாணியில் ஏதோ. குழந்தை அவள் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. கனி அழவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

கோயிலிலிருந்து வந்த ரூத், "கனியைத் தெருமுனையில பாத்தேன், முகமே சரியில்லையே, என்னங்க ஆச்சு?" என்றாள். வேலை போன வருத்தம் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

குழாய் மாற்றி முடிந்தது. வியாழக்கிழமை சோதனை ஓட்டம்.

புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஜனவரியில் நான் எடுத்து வைத்திருந்த முழு நகலை அப்படியே அதில் ஏற்றப் போகிறார்கள். விஷ்வேஷ் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"அந்த நகல் சுத்தமானதுதானே சார்? வெளியிலிருந்து இயக்குற மென்பொருள் எதுவும் அதுல இல்லையே?"

"இல்லை."

"எனக்கு ரெண்டு நாள் கொடுத்தா முழுசா சோதிச்சிடுவேன். எந்தக் கதவு வழியா வந்தாங்கன்னு தெரியாம திறக்குறது எனக்குப் பிடிக்கலை. திரும்ப வருவாங்க."

ஆணையாளர் இரண்டு நாள் கொடுக்கவில்லை. ஊரில் மறியல் நடக்கிறது. அதோடு, அழுத்தம் ஏறுவதைச் சென்னைத் தலைமை அலுவலகத்துத் திரையில் பெரிய அதிகாரிகள் நேரடியாகப் பார்க்க வேண்டுமாம், அதனால் இணையத்தையும் இணைக்கச் சொல்லியிருக்கிறார். கைதட்டுவதற்காக இருக்கும். கட்டிடம் எரிந்தாலும் முதலில் புகைப்படக்காரரைக் கூப்பிடுகிற கூட்டம் இது.

தனியாக ஐந்து நிமிடம் கிடைத்தால் அந்த மென்பொருளை நானே அழித்துவிடலாம் என்று சாயங்காலம் வரை அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வாசலில் ஒரு போலீஸ்காரரை நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். பெயர் எழுதாமல் யாரையும் விடமாட்டேன் என்கிறார். ஊரிலேயே கடமை தவறாத ஒரே ஆளை எனக்கென்று அனுப்பியிருக்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன்

காலை பத்து மணி. கட்டுப்பாட்டு அறையில் ஆணையாளர், விஷ்வேஷ், இன்ஸ்பெக்டர், நான். ஒன்பதாவது கிலோமீட்டரில் பள்ளத்துக்குள் ஆறு பேர் புது இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இறங்கியிருந்தார்கள். ஒன்றரை ஆள் ஆழப் பள்ளம். ஏறி வர ஒரே ஒரு ஏணி.

முதல் மோட்டார் ஓடியது. இரண்டாவது ஓடியது. அழுத்தம் ஏறியது. விஷ்வேஷ் இணையக் கம்பியைச் செருகினார். ஆணையாளர் சென்னைக்குப் போன் போட்டு, "தெரியுதா சார்?" என்றார்.

நான் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி சாம்பலாக இருந்தது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். மூன்றாவது மோட்டாரை ஓட விட்டார்கள்.

புள்ளி பச்சையானது.

போன வெள்ளிக்கிழமை அழித்த பிறகு என் வீட்டு லேப்டாப்பில் அந்த மென்பொருளே இல்லை. நான் அல்லாமல் உள்ளே வந்திருப்பது யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மவுஸ் மெதுவாக, கடைக்குள் நுழைந்து சுற்றும் முற்றும் பார்க்கிற ஆள் மாதிரி, மோட்டார் படத்தை நோக்கிப் போனது.

விஷ்வேஷைத் தள்ளிவிட்டு நீலக் கம்பியைப் பிடுங்கினேன். பிளாஸ்டிக் முனை உடைந்து கையில் வந்துவிட்டது. மவுஸ் அப்படியே நின்றது. பேனலுக்குப் போய்ச் சாவியைக் கைக்குத் திருப்பினேன். மூன்று மோட்டார்களும் ஓடிக்கொண்டேயிருந்தன. பள்ளத்திலிருந்தவர்களை ஏறச் சொல்லிப் போனில் கத்தினேன். ஆறு பேரும் ஏறிவிட்டார்கள் என்று ஃபிட்டர் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

விஷ்வேஷ் கேட்டார்: "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது சார்?"

சொன்னேன். மென்பொருள், ஞாயிற்றுக்கிழமை, மகளின் பெயர், ஜனவரி நகல் எல்லாவற்றையும். நான் கணக்கு வைத்திருந்த ஏதோ ஒரு கல்யாண இணையதளத்திலிருந்து கடவுச்சொல் கசிந்திருக்கலாம் என்றார் விஷ்வேஷ். இரண்டு நிமிடத்தில் போனில் தேடி எடுத்துக் காட்டினார். அபிஷாவுக்கு வரன் பார்த்தபோது பதிந்தது. என் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரே வரியில் கிடந்தன. உலகத்தையே நடுங்க வைக்கிறோம் என்கிற கும்பலுக்குச் சுவர் ஏற வேண்டிய வேலையே இருக்கவில்லை. நான் சாவியைத் தெருவில் போட்டிருக்கிறேன்.

"எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?" என்றார் ஆணையாளர்.

"முதல் நாளே சந்தேகம் மேடம். வெள்ளிக்கிழமை லேப்டாப்பில அதை அழிக்கிறதுக்கு முன்னால திறந்து பார்த்தேன், நிச்சயமாச்சு."

"அந்தப் பொண்ணை நான் வெளியே அனுப்பினது அதுக்கு முந்தின வியாழக்கிழமை."

"ஆமாம்."

அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். முப்பத்தோரு வருடச் சர்வீஸில் இவ்வளவு சுத்தமாக யாரும் என்னை அறையிலிருந்து வெளியே தள்ளியதில்லை.

மனம் திருந்திச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. பச்சை எரிந்தது, அதனால் சொன்னேன். சாம்பலாகவே இருந்திருந்தால் இந்நேரம் வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

மார்ச் 21, வெள்ளி

தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. இரண்டு எழுத்துப்பிழை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

ரூத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு, "அந்தப் பிள்ளை குழந்தையோட நம்ம வீட்டு வாசல்ல நின்னப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள். அது கேள்வியில்லை.

மார்ச் 24, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்தது. தெருவே குடத்தோடு நின்றது. நான் வெளியே போகவில்லை. எங்கள் குடங்களையும் ரூத்தான் பிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டு ஜன்னலைப் பார்த்து ஏதோ சொன்னார், இரண்டு பேர் சிரித்தார்கள். என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

கனியை ஆணையாளரே ஆளனுப்பி வரச் சொல்லியிருக்கிறார். போனையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். சந்தியாகுவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. கை பழையபடி வால்வு திருப்ப வராது என்று டாக்டர் சொன்னதாக ஃபிட்டர் போனில் சொன்னான். சொன்னதும் போனை வைத்துவிட்டான்.

மார்ச் 28, வெள்ளி

பீரோ சாவிகளையும் பதிவேடுகளையும் ஒப்படைக்க நிலையத்துக்குப் போனேன். வாசலில் அதே போலீஸ்காரர். பெயர் எழுதச் சொன்னார். 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. சாவி கொடுக்க என்று எழுதினேன். உள்ளே விடவில்லை. வராந்தாவில் பெஞ்சு இருந்தது, உட்கார்ந்தேன்.

இன்னும் பத்து நாளைக்கு எல்லாமே கையால்தான் இயக்க வேண்டும் என்று விஷ்வேஷ் சொல்லியிருக்கிறாராம். கண்ணாடி வழியாகக் கனி பேனலுக்கும் வால்வு சக்கரத்துக்கும் நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. இருபது நிமிடம் கழித்து வெளியே வந்து சாவிகளை வாங்கி, எண் பார்த்து, பதிவேட்டில் என் கையெழுத்து வாங்கினாள்.

என்ன பேச வேண்டும் என்று வரும் வழியெல்லாம் தயார் செய்திருந்தேன். நல்ல வாக்கியங்கள். எழுதுகிறவன் அல்லவா. ஆனால் வாயைத் திறந்ததும் ஒன்றுதான் வந்தது.

"தப்பு என்னோடது கனி. உன்னை மாட்டி விட்டுட்டேன். மன்னிச்சிரு."

அவள் பேனாவை மூடினாள். உள்ளே அழுத்தமானி முள்ளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றுகூட நினைத்தேன். இரண்டுக்கும் ஏதோ ஒரு பதில் வைத்திருந்தேன்.

"சரி சார், மணி பதினொண்ணு ஆகப் போகுது. வால்வு திறக்கணும்" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.